மிக்ஸர் விளக்கு மங்கினால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒலியைக் கலக்கும் மிக்ஸர் மேசையில் செருகும் சிறு விளக்கு மங்கியதும் கூடுதல் வாட் பல்பு மாட்டுவது பலரின் வழக்கம். தயவுசெய்து வேண்டாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் டிரான்சிஸ்டர் சூடேறிப் போய்விடலாம். டிம்மர் குமிழ் முழுக்கத் திரும்பியிருக்கிறதா பாருங்கள். பிறகு விளக்கைப் பக்கத்து சாக்கெட்டில் செருகுங்கள். அங்கும் மங்கினால் கோளாறு பெரும்பாலும் விளக்கில்தான்: கண்ணாடி கறுத்த பல்பாக இருக்கலாம். பளிச்சென்று எரிந்தால் பழைய சாக்கெட் பக்கம்தான் குறை. நான்கு பின் எக்ஸ்எல்ஆர் (ஒலிக்கருவிகளில் வரும் வட்ட இணைப்பு) சாக்கெட்டில் 3, 4ஆம் பின்களுக்கிடையே பொதுவாக 12 வோல்ட் வரும். ஆனால் வெறும் சாக்கெட்டில் அளந்து நம்பாதீர்கள். சால்டர் (ஈயப் பற்றவைப்பு) விரிசல் விட்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். பல்பு எரியும்போதே ஹோல்டர் முனைகளில் அளக்க வேண்டும். 8, 9க்கு இறங்கினால் சாக்கெட் சால்டரையும் டிம்மர் பொட்டென்ஷியோமீட்டரையும் (குமிழ் திருப்பும் மாறுமின்தடை) கவனியுங்கள். எல்இடிக்கு மாறுவோர் பிளஸ், மைனஸ் பார்த்து இணைக்கவும்.

– ஒலிக்கருவி பழுதுநீக்குநர்கள், மதுரை