பாட்டிமார் முன்னே நடக்கட்டும்: குடும்ப நாள் குறித்து ஒரு திறந்த மடல்

மொரீஷியஸ் தமிழ்க் கோயில் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், மாலைத் தமிழ் வகுப்புகளை நடத்தும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

தீபாவளி முடிந்ததும் வழக்கம்போல் குடும்ப நாள் பேச்சு எழும். எந்தக் கடற்கரை, எத்தனை பேருந்து, பிரியாணிக்கு எவ்வளவு அரிசி என்று கூட்டம் போடுவீர்கள். இந்த வருடம் அந்தக் கூட்டத்தில் என் கோரிக்கை ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய காலைப் பொழுதைப் பாம்பிள்மூஸ் தாவரவியல் பூங்காவுக்குக் கொடுங்கள். அங்கே வீட்டுப் பெரியவர்களைப் பிள்ளைகளோடு சேர்த்து நடக்க விடுங்கள்.

கடற்கரைக்குப் போகிற நாளில் நம் குடும்பங்கள் பேருந்தை விட்டு இறங்கியதுமே பிரிந்துவிடுகின்றன. பிள்ளைகள் தண்ணீருக்குள், வாலிபர்கள் பந்தோடு, அப்பாமார் பாட்டுப் பெட்டியருகே, அம்மாமார் அண்டாவருகே. தாத்தா பாட்டிகள் சவுக்கு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாருடைய பைகளுக்கும் காவல் இருக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. வீட்டில் கிரியோல் பேசினாலும், பூசைக்கு எந்த இலை, இருமலுக்கு எந்தக் கஷாயம், ரசத்தில் எதை எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் இன்னும் தமிழில் வருவது அவர்கள் வாயில்தான். நான் கரும்பலகையில் எழுதிப் போடும் பாதிச் சொற்களை அவர்கள் கையில் எடுத்தே காட்டிவிடுவார்கள்.

என் வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். பேரனின் கையைப் பிடித்து மெதுவாக வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி சட்டென்று நின்றார். தரையில் உதிர்ந்து கிடந்த இலை ஒன்றை எடுத்து, இரண்டு விரலால் கசக்கி, பேரனின் மூக்கருகே நீட்டினார். "என்ன வாசனை, சொல்லு." அவன் கண்ணை மூடி யோசித்துவிட்டு "பிரியாணி" என்றான். பட்டை மரத்து இலை அது. அதற்கப்புறம் மற்றப் பிள்ளைகளும் அந்தப் பாட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பின்னால் நடந்து வந்தேன், அவ்வளவுதான்.

அந்தத் தோட்டத்தின் கதையே நம் அஞ்சறைப்பெட்டியோடு சேர்ந்தது. 1735இல் தீவின் பிரெஞ்சு ஆளுநராக வந்த மாஹே டி லாபூர்தொன்னே, மோன் பிளெசீர் என்ற அந்த இடத்தில் கப்பல்காரர்களுக்கும் ஊருக்கும் காய்கறி பயிரிடச் செய்தார். புதுச்சேரியிலிருந்து வந்த நம் கொத்தர்களும் தச்சர்களும் போர்ட் லூயிஸில் கட்டட வேலை செய்த காலம் அது. பிறகு தீவின் நிர்வாகப் பொறுப்பேற்றுப் பியேர் புவாவ்ர் வந்தார். கிராம்பும் ஜாதிக்காயும் டச்சுக்காரர்களின் தனிச்சொத்தாக இருந்த நாளில், அவர் அனுப்பிய ஆட்கள் அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகளை 1770இல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு கிராம்பைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். காது தானாகத் திறக்கும்.

எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் ராட்சத அல்லிக் குளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அமேசானிலிருந்து வந்த அந்த அல்லி முதல் நாள் மாலை வெள்ளையாகப் பூத்து, மறுநாள் இளஞ்சிவப்பாக மாறும். வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர்வது நல்லது. இலை விளிம்பு நிமிர்ந்து தாம்பாளம் போலத் தெரிந்தாலும் அதன் அடிப்பக்கம் முழுக்க முள். குழந்தையை அதன்மேல் உட்கார வைத்துப் படம் எடுக்கும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது தாளிப்பனையின் அடியில். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் தாய்மண். முப்பது வருடமோ எண்பது வருடமோ வளர்ந்து, ஆயுளில் ஒரே ஒரு முறை உச்சியில் லட்சக்கணக்கான பூக்களைக் கொட்டி, காய்த்து முடித்ததும் பட்டுப்போகும். பனை ஓலையைப் போலவே இதன் ஓலையிலும் ஏடு எழுதினார்கள். நம் எழுத்து இத்தனை நூற்றாண்டு பிழைத்துக் கிடந்தது ஓலையில் என்பதை ஒரு பிள்ளை அந்த மரத்தடியில் நின்று கேட்க வேண்டும். வகுப்பறையில் நான் எத்தனை முறை சொன்னாலும் அந்த அளவுக்கு இறங்காது.

நம் நாட்டின் முதல் பிரதமர் சர் சீவூசாகூர் ராம்கூலாமின் உடல் தகனம் செய்யப்பட்ட இடமும் அங்கேதான் இருக்கிறது. 1988இல் பூங்காவுக்கே அவர் பெயரை வைத்தார்கள். அங்கே நிற்கும்போது பேச்சைத் தாத்தாக்களிடம் விட்டுவிடுங்கள். நாடு விடுதலை பெற்ற 1968 மார்ச் 12 அன்று தாங்கள் எங்கே இருந்தோம், என்ன பார்த்தோம் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சரி, ஏற்பாட்டுக்கு வருகிறேன். நவம்பர் ஞாயிறு ஒன்று எனக்குச் சரியாகப் படுகிறது. வெயில் காலம் தொடங்கியிருக்கும், செம்மயிற்கொன்றை பூக்க ஆரம்பித்திருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி முடியும் நேரம். ஜனவரிக்குத் தள்ளினால் புயல் எச்சரிக்கை ஒரு பக்கம், காவடி விரதம் இன்னொரு பக்கம். வாக்வாவிலிருந்தோ ரோஸ் ஹில்லிலிருந்தோ வருகிறவர்கள், வாசல் திறக்கும் நேரத்துக்கே அங்கே நிற்கும்படி கிளம்ப வேண்டும். ஆமைகளைக் கடைசியில் காட்டுங்கள். முதலில் காட்டிவிட்டால் சின்னப் பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்த முடியாது. முட்டி வலிக்காரர்களுக்குச் சக்கர நாற்காலி இரண்டாவது வேண்டும், வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து போக நேரம் வேண்டும். குளங்கள் இருப்பதால் கொசு மருந்தும் அவசியம். பாட்டுப் பெட்டி பேருந்திலேயே இருக்கட்டும்.

கடற்கரையை விடச் சொல்லவில்லை. மதியம் மோன் ஷ்வாசிக்குப் போய்விடலாம். பந்தும் குளியலும் அங்கே. சாப்பாட்டை வாழை இலையில் போட்டால் பிளாஸ்டிக் தட்டுக் குப்பையும் இராது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒவ்வொரு பெரியவரோடும் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து, பேருந்திலேயே பெயர் படித்துவிடுங்கள். தங்கள் பெரியவர் சொல்லும் மரங்களைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். எழுத்துப் பிழையை நான் அடுத்த வாரம் பார்த்துக்கொள்கிறேன். முன்கூட்டியே ஒருநாள் போய், நடக்கச் சுலபமான பாதையையும் நிழலில் உட்கார இடங்களையும் கழிப்பறையையும் பார்த்துவைக்க நானும் வருகிறேன். அடுத்த கூட்டத்தில் தேதியை மட்டும் முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்புத் தமிழாசிரியை ஒருத்தி