"நீ கேக்கல, குடுத்துட்ட": கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி பயிற்றுநராக இருக்கிறேன். நிரல் (புரோகிராம்) எழுதும் மொழிகளாகப் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்று நீங்கள் வகுத்ததில் எனக்குக் குறையில்லை. நான் எழுத வந்தது பிள்ளைகள் ஆய்வகத்தில் உட்காரும் விதத்தைப் பற்றி.

ஒரு கணினியைச் சுற்றி நாலு பேர். கீபோர்டு யார் கையில் சிக்கியதோ அவர் அடிப்பார், மிச்சப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பெரும்பாலும் அந்தக் கை வீட்டில் லேப்டாப் இருக்கும் பையனுடையது. பிறகு ரெக்கார்டு நோட்டு ஒருவரிடமிருந்து எல்லாருக்கும் போகும். நம் பள்ளிகளில் கூட்டுமுயற்சி என்று இப்போது நடப்பது அதுதான்.

மென்பொருள் நிறுவனங்களில் இருவர் ஒரே கணினியில் நிரல் எழுதும் வழக்கம் உண்டு. ஒருவர் அடிப்பார், மற்றவர் வரிவரியாகப் பார்த்து வழி சொல்வார். என் வகுப்பில் அதற்கு டிரைவர், கண்டக்டர் என்று பெயர் வைத்தோம். கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டி நகரக் கூடாது. கண்டக்டர் கீபோர்டைத் தொடவும் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும்.

ஒரு நாள், மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு அது நூறாக இருந்தால் 'சென்டம்' என்று காட்டும் நிரல். 35 கொடுத்தார்கள், சென்டம். 12 கொடுத்தார்கள், அதற்கும் சென்டம். வகுப்பே சிரித்தது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் பிழை எதுவும் காட்டவில்லை. டிரைவர் வரி முடிவில் வரும் அரைப்புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் திரையில் விரலை வைத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"டேய், நீ நூறான்னு கேக்கல. நூறக் குடுத்துட்ட."

இரட்டைச் சமக்குறி வர வேண்டிய இடத்தில் ஒற்றை. இரட்டை என்றால் 'இரண்டும் சமமா?' என்று கேட்பது; ஒற்றை என்றால் அந்த மதிப்பையே கொடுத்துவிடுவது. மதிப்பிருத்தலுக்கும் ஒப்பிடுதலுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை.

தவறும் செய்தேன். முதலில், நன்றாகப் படிக்கும் பிள்ளையோடு பின்தங்கிய பிள்ளையைச் சேர்த்தேன். கெட்டிக்காரி பத்தே நிமிடத்தில் முழுவதையும் முடித்துவிட்டாள். மற்றவள் தலையாட்டியதோடு சரி. இப்போது ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பவர்களைத்தான் சேர்க்கிறேன். முடித்ததும் கேள்வி, கடைசி முறை கீபோர்டில் இல்லாதவரிடம்.

கரண்ட் போன நாளுக்கும் வழி உண்டு. நியூசிலாந்தின் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் என்ற இருவர் 2006-இல் சொன்னது: சரியான நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். நான் பழைய தாள்களில் எழுதிக் கத்தரித்துக் கொடுக்கிறேன். சில வரிகளைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் மடக்குக்குள் எந்த வரி போகும், வெளியே எது நிற்கும் என்று பெஞ்சில் சண்டையே நடக்கும். அந்தச் சத்தத்துக்காகத் தலைமையாசிரியர் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"சேர்ந்து செய்தால் ஒருத்தன் உழைப்பில் இன்னொருத்தன் தேறிவிடுவான்" என்பீர்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் 2000-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இணையாக நிரல் எழுதிப் பழகியவர்கள் பாதியில் விலகாமல் பாடத்தை முடித்தது அதிகம். தனியாக எழுதிய இறுதித் தேர்விலும் அவர்கள் பின்தங்கவில்லை. நம் செய்முறைத் தேர்வும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் இரண்டை இருவர் சேர்ந்து எழுதும் ஒரு நிரலுக்கு ஒதுக்குங்கள். செய்முறைப் பகுதியில் இடம் மாறும் முறையை அரைப் பக்கம் எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாததைச் செய்தால் புறத்தேர்வாளருக்குப் பதில் சொல்லி மாளவில்லை. ரெக்கார்டு நோட்டில் சரியான நிரலுக்குப் பக்கத்தில், முதலில் எங்கே தவறினோம் என்று எழுத நாலு வரி இடம் விடுங்கள். அந்த நாலு வரியை அடுத்தவரைப் பார்த்து எழுத முடியாது.

இப்படிக்கு,
ஒரு கணினி பயிற்றுநர்