மூன்று காரும் ஃபைவ் ஸ்டார்தான், ஆனால்...

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா வாக்கர் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கடைசி செமஸ்டர், பரீட்சை முடிந்ததும் இரண்டு நாள் கோவைக்கு வருகிறோம்.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். செகண்ட் ஹேண்டில் டெல்லி நம்பர் போட்ட 2015 பிஎம்டபிள்யூ 320டி, 2017 ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக், 2019 டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், இந்த மூன்றில் எது பாதுகாப்பு என்று கேட்டிருக்கிறாய். மூன்று மாடலுமே புதிதாக வந்தபோது வெளிநாட்டு மோதல் சோதனைகளில் ஐந்து ஸ்டார் வாங்கியவை. பிஎம்டபிள்யூவும் சூப்பர்பும் ஐரோப்பாவில், கேம்ரி ஆஸ்திரேலியாவில். ஆனால் அந்த ஸ்டார் எல்லாம் அடிபடாத புது வண்டிக்கு, அதுவும் அந்த நாட்டில் விற்ற வசதிகளோடு கொடுத்தது. ஆஸ்திரேலிய கேம்ரியில் இருந்த தானியங்கி அவசர பிரேக் இங்கே 2019-இல் விற்ற கேம்ரியில் கிடையாது. ஒன்பது ஏர்பேக் மட்டும் உண்டு. அதனால் மாடலை விட்டுவிட்டு, உன் முன்னால் நிற்கும் வண்டியில் அந்தப் பாதுகாப்பு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் சீட் பெல்ட். ஐந்து பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார். அடியில், நாம் சாதாரணமாக இழுக்காத பகுதியில், தைத்த ஒரு லேபிள் இருக்கும். அதில் தயாரித்த மாதமோ வருடமோ போட்டிருக்கும். 2017 வண்டியில் டிரைவர் பெல்ட் மட்டும் 2021 என்றால், இடையில் பெரிய மோதல் நடந்து பிரிடென்ஷனர், அதாவது மோதும்போது பெல்ட்டை இறுக்கும் கருவி, வெடித்திருக்கிறது என்று வைத்துக்கொள். இழுத்த பெல்ட்டை விட்டதும் வேகமாக உள்ளே ஓட வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசி ஒரு முழத்தில் மண் படிந்த கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம். இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் போட்டு ஏலத்தில் விட்டதில் ஒரு பகுதி துடைத்து மெருகேற்றி வெளியூர்ச் சந்தைக்கு வந்துவிடும். சீட்டை முன்னால் தள்ளி அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, வயர் கனெக்டரில் பச்சைப் பூச்சு, ஸ்டெப்னி குழியில் களிமண், இந்த மூன்றையும் பார். கார்ப்பெட்டின் மேல்பக்கத்தை எவனும் கழுவிவிடுவான், அடியில் உள்ள ஃபோமை எவனும் கழட்டிக் காயவைப்பதில்லை. கையை விட்டு அமுக்கினால் ஈரமும் வாடையும் தெரியும். சன்ரூஃப் உள்ள வண்டியில் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டாலும் கார்ப்பெட் நனையும். அதனால் ஈரத்தை மட்டும் பார்த்து வெள்ளம் என்று முடிவு கட்டாதே, மண்ணைத் தேடு.

அடுத்தது ஏர்பேக் விளக்கு. சாவியை ஆன் செய்ததும் சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். வேறு விளக்கோடு சேர்ந்து அதே நொடியில் எரிந்து அதே நொடியில் அணைந்தால் அதன் வயரிலேயே இதையும் முடிந்துவிட்டிருக்கலாம். வெடித்த ஏர்பேக்குக்குப் புதிது வாங்காமல், அந்த கனெக்டரில் இரண்டு மூன்று ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகிவிடுவார்கள். கம்ப்யூட்டர் ஏர்பேக் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு விளக்கை ஒழுங்காக அணைக்கும். அதனால் கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மட்டும் போதாது. ஸ்டியரிங் நடுவில் உள்ள மூடியின் நிறமும் சொரசொரப்பும் மற்ற பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகிறதா, டாஷ்போர்டில் பயணி பக்கத்து மடிப்புக் கோட்டில் பசை, வெட்டு தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார். ஸ்கேனரில் ஏர்பேக் மாட்யூலைத் திறந்தால் மோதல் பதிவு இருக்கிறதா என்பதும் தெரியும்.

பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 200-க்கு மேல் போனால் மறுபடி அடித்தது. 300-ஐத் தாண்டி எங்கெங்கோ குதித்தால் உள்ளே பட்டி. காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழைய வித்தை எல்லா பிரீமியம் காரிலும் செல்லாது. இதே காலத்து மெர்சிடிஸ் சி-கிளாஸில் பானெட், கூரை, கதவெல்லாம் அலுமினியம். மீட்டரும் அலுமினியத்தை அளக்கத் தெரிந்ததாக இருக்கட்டும். பம்பர் உரசலுக்கு அடித்த பெயின்டைப் பார்த்து ஓடிவிடாதே. கதவுத் தூண், முன் ஏப்ரன் (முன்சக்கரத்துக்கு உட்புறத் தகடு), ரேடியேட்டருக்கு மேல் உள்ள குறுக்குச் சட்டம், இவற்றின் போல்ட் தலையில் ஸ்பேனர் போட்ட வடுவோ, வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இல்லாததோ தெரிந்தால்தான் ஆபத்து. மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளச் செய்த பாகங்கள் அவை. ஒரு தடவை கசங்கியதைத் தட்டி நிமிர்த்தினால், அடுத்த தடவை எங்கே எப்படி மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி ஒவ்வொரு வண்டியாக.

சூப்பர்பை ஓட்டினால் உனக்குப் பிடித்துவிடும், அதுதான் பயம். எட்டு ஏர்பேக், பின்சீட்டில் கால் நீட்டும் இடம், எல்லாம் சரி. சிக்கல் கியர்பாக்ஸில். அந்த 1.8 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டிகியூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்சை மாற்றி மாற்றிப் பிடிக்கும் கியர்பாக்ஸ். எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச் இரண்டு. அது தாங்கும் டார்க் (முறுக்குவிசை) 250 நியூட்டன் மீட்டர்தான். அதே இன்ஜின் மேனுவல் கியர்பாக்ஸில் 320 கொடுக்கும், ஆட்டோமேட்டிக்கில் மட்டும் 250-க்குக் குறைத்துத்தான் விற்றார்கள். உலர் கிளட்சுக்கு ஹைவேயில் தொந்தரவு இல்லை. காந்திபுரம் சிக்னலில் அரை அடி, ஒரு அடி என்று ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிச் சூடேறும். அதற்கு மேல் மெக்காட்ரானிக் என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதில் எண்ணெய் அழுத்தத்தைத் தேக்கும் பகுதியில் விரிசல் விட்டால் அழுத்தம் போய், வண்டி நடுரோட்டில் கியர் பிடிக்காமல் நிற்கும். இந்த கியர்பாக்ஸின் எண்ணெயை மாற்றுவதற்காகவே ஃபோக்ஸ்வேகன் 2013-இல் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது.

சோதிப்பது எப்படி என்றால், நாற்பது நிமிடம் நெரிசலில் ஓட்டிச் சூடாக்கு. அதன் பிறகு பிரேக்கை மட்டும் விட்டு ஊரவிடு. ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போகும்போது உதறலோ, ரிவர்ஸில் நடுக்கமோ, டிஸ்ப்ளேயில் கியர் எழுத்து மின்னுவதோ இருந்தால் அத்தோடு விட்டுவிடு. குளிர்ந்த வண்டியில் பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இதெல்லாம் தெரியாது. அந்த பாடிதான் வேண்டும் என்றால் 2.0 டீசலைத் தேடு, அதில் ஆறு கியர் ஈரக் கிளட்ச். 2020-க்குப் பின் வந்த 2.0 பெட்ரோலிலும் ஈரக் கிளட்ச்தான். டீசலுக்கு அறுபதாயிரம் கிலோமீட்டர் வாக்கில் டிஎஸ்ஜி எண்ணெய் மாற்றிய பில் இருக்க வேண்டும்.

பிஎம்டபிள்யூவில் கியர்பாக்ஸ் தங்கம். இசட்.எஃப். எட்டு கியர். "வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்பார்கள். செய்த இசட்.எஃப். கம்பெனியோ 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடியில் உள்ள பிளாஸ்டிக் எண்ணெய்த் தட்டோடு ஒன்றாக வருவதால் தட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இன்ஜின்தான் யோசிக்க வைக்கிறது. 184 குதிரைத்திறன் என்றால் பழைய என்47 இன்ஜின், 190 என்றால் 2016-இல் முகம் மாற்றிய மாடலோடு இங்கே வந்த பி47. நீ பார்த்தது 2015, ஆக என்47. வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் அதன் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டிய சுவரில் இருக்கிறது. செயின் தளர்ந்தால் மாற்ற கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியே ஆக வேண்டும். கூலி அங்கேதான் ஏறுகிறது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். எஃப்30 என்னும் இந்தத் தலைமுறை வண்டிக்கு வந்த என்47 முந்தையதைவிடத் திருத்தியதுதான், ஆனாலும் செயின் இருக்கும் இடம் மாறவில்லை.

இதைக் கேட்க ஒரே வழி, குளிர்ந்த ஸ்டார்ட். வியாபாரியிடம் முன்னாடியே சொல், நான் வரும்வரை வண்டியை எடுக்காதே என்று. போனதும் பானெட்டில் கை வை. சூடாக இருந்தால் வேறொரு நாள் காலையில் வா. ஸ்டார்ட் ஆனதும் இன்ஜினுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், பின்சுவர் பக்கம் காது கொடு. டீசலின் வழக்கமான தட்டலுக்குப் பின்னால் சங்கிலி தரையில் இழுபடும் சத்தம் தனியாகக் கேட்கும். இன்ஜினை மெதுவாக 1,500, 2,000 சுற்றுக்கு ஏற்றினால் இன்னும் தெளியும். பி47 வண்டி கிடைத்தாலும் ஒன்று கேட்டுக்கொள். 2018-இல் தென்கொரியாவில் வண்டிகள் தீப்பிடித்ததை அடுத்து, டீசல்களின் இ.ஜி.ஆர். கூலரை, அதாவது புகையில் ஒரு பகுதியை ஆற்றி மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் பாகத்தை, மாற்ற பிஎம்டபிள்யூ ரீகால் விட்டது. கூலன்ட் கசிந்து கரியோடு கட்டியாகி, சூட்டில் கனன்று, இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டை உருக்கும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த வண்டிக்கு எந்த ரீகாலாவது நிலுவையில் இருக்கிறதா என்று ஷோரூமில் எழுத்தில் வாங்கு. மற்ற இரண்டுக்கும் இதையே செய். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குகளுக்கான ரீகால் இன்னும் முடியாத வண்டிகள் பல பிராண்டுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஏர்பேக்கை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெக்கையிலும் ஈரக்காற்றிலும்தான் கெடும், நம் கடற்கரை ஊர்களின் காற்று அதற்குப் பொருத்தமான விஷம்.

டெல்லி விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே டீசலுக்குப் பத்து வருடம்தான் என்று போட்ட தடை. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற அங்கே தரும் ஃபார்ம் 28 என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதே. இங்கே ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும், டெல்லியில் கட்டியதைத் திரும்ப வாங்க அலைவதும் நீதான். கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பாதியாகிவிடும். போகட்டும், அம்மா அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டுமே, அதையும் யோசி.

கேம்ரியைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அதுவே நல்ல சகுனம். டர்போ இல்லாத 2.5 லிட்டர் இன்ஜின், கியர்பாக்ஸுக்கு இ-சிவிடி என்ற பெயர் இருந்தாலும் வழக்கமான சிவிடி மாதிரி பெல்ட்டும் இல்லை, கிளட்சும் இல்லை. கிரகப் பற்சக்கரமும் (நடுச்சக்கரத்தைச் சுற்றி ஓடும் பல்சக்கரங்கள்) இரண்டு மோட்டாரும்தான். தேய்வதற்கு உள்ளே பொருள் குறைவு. பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடும் நீண்டநாள் வரும். பார்க்க வேண்டியது ஹைபிரிட் பேட்டரி. பின் சீட்டுக்கு அடியில் காற்று உறிஞ்சும் சன்னல் ஒன்று இருக்கும், உள்ளே ஃபில்டர். மேட் போட்டோ பையை வைத்தோ அதை அடைத்தால் பேட்டரி சூடேறிச் சீக்கிரம் சாகும். ஃபில்டரைக் கழற்றிப் பார், தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தால் யாரும் கவனிக்கவில்லை. டொயோட்டா சர்வீஸ் சென்டரில் ஹைபிரிட் ஹெல்த் செக் செய்யச் சொல், பேட்டரி பிளாக்குகளின் வோல்டேஜ் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் தனியே இறங்கினால் வேண்டாம். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனியாக ஓடும் கூலன்ட் மாற்றிய பில்லையும் கேள்.

மூன்றுக்கும் பொதுவானது சில. ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் நம்பாதே, சேஸிஸ் நம்பரை வைத்து அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் முழு வரலாற்றையும் பிரிண்ட் எடு. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வயது தாண்டிய டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு, எவ்வளவு இருந்தாலும் மாற்று, விலையில் கழித்துக்கொள். பெட்ரோல் வண்டி இரண்டிலும் டேங்க் மூடியின் உட்புற ஸ்டிக்கரில், பெட்ரோலில் எத்தனை சதவீத எத்தனால் வரை கலக்கலாம் என்று பார், 2023-க்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குச் செய்தவை அல்ல. வாங்கியபின் ரப்பர் குழாய்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

பேப்பரில், கடன் இருந்தால் பேங்கின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடனை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் கைக்கு வந்தபின் மீதிப் பணம். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து உன் முன்னால் போடட்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்ற விண்ணப்பி. "50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வரும்" என்றால் சிரித்துவிடு, கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் தரும் அந்தத் தள்ளுபடி பழைய ஓனரோடு போய்விடும். ஆனால் அவர் ஏதாவது கிளெய்ம் எடுத்திருக்கிறாரா என்று பழைய பாலிசியைக் கேட்டு வாங்கு. போனஸ் சைபரில் இருந்தால் ஏன் என்று கேள்.

உனக்கு நான் சொல்வது கேம்ரிதான். தினம் மில்லுக்குப் போய் வருவதும் மாதம் ஒருமுறை சென்னையும்தான் உன் ஓட்டம், அதற்கு டீசல் தேவையே இல்லை. பிறகு யாராவது பிஎஸ்6 டீசலைக் காட்டினாலும் இதே பதில்தான், அந்தக் குட்டிக் குட்டி ஓட்டத்தில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். கேட்கும் விலை உன் பட்ஜெட்டைத் தொட்டுவிட்டது என்று தெரியும். விலையில் பத்து சதவீதமாவது கையில் மிச்சம் இல்லாமல் இந்த வகை வண்டியை வாங்காதே. அது முடியாவிட்டால் ஓரிரண்டு மாதம் பொறுத்து 2019-லேயே இன்னொன்று தேடலாம், சந்தையில் வராமல் போகாது.

சனிக்கிழமை பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, பின் சீட்டில் உட்காரவைத்து இறக்கிப் பார். ஹெல்த் செக் ரிப்போர்ட்டும் பெல்ட் லேபிள்களின் போட்டோவும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
செல்வம்