வழக்கு வேறு, வாய்ப்பேச்சு வேறு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தென் ஆப்பிரிக்க அரசு வெளியுறவில் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசித்தான் அமெரிக்காவின் பகையைத் தேடிக்கொண்டது என்று தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவருகிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

1946ஐ டர்பன் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆசியர்களின் நில உரிமையைப் பறித்த ‘கெட்டோ சட்டத்தை’ எதிர்த்து, அன்றைய கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் முனையில், மாநகராட்சியின் காலி மனையில் நம்மவர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். இரவில் வெள்ளையர் கும்பல்கள் வந்து அவற்றைப் பிடுங்கி எறிந்தன. அப்போது, விடுதலைகூடப் பெற்றிராத இந்தியா, தென் ஆப்பிரிக்காவுடனான வணிகத்தைத் துண்டித்ததோடு, விவகாரத்தை ஐ.நா. பொதுச்சபைக்கும் கொண்டுபோனது. இது எங்கள் உள்நாட்டு விஷயம் என்று தென் ஆப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் வாதாடியும் டிசம்பரில் தீர்மானம் நிறைவேறியது. ஏற்றுமதி நட்டத்தை மட்டும் கணக்குப் பார்த்திருந்தால் நமக்காக அன்று பேச யார் இருந்திருப்பார்கள்?

ஆகவே, 2023 டிசம்பரில் இஸ்ரேல் மீது சர்வதேச நீதிமன்றத்தில் நம் அரசு தொடுத்த வழக்கை நான் குறைசொல்ல மாட்டேன். அதற்கு விலை உண்டு என்பதும் மெய்தான். 2025 பிப்ரவரியில் நமக்கான உதவியை நிறுத்திய டிரம்ப்பின் ஆணையே அந்த வழக்கையும் ஒரு காரணமாகச் சொல்கிறது. ஆனால் ஆகஸ்டில் விழுந்த 30 விழுக்காடு வரியை முழுக்க அதன் தலையில் கட்டுவது முறையல்ல. யாரையும் சீண்டாத நம் அண்டை நாடு லெசோத்தோவுக்கே முதலில் 50 விழுக்காடு அறிவித்தார்களே!

என்னால் ஏற்க முடியாதது வேறு. வாஷிங்டனில் நம் தூதராக இருந்த இப்ராகிம் ரசூல், 2025 மார்ச்சில் ஓர் இணையவழிக் கருத்தரங்கில் டிரம்ப்பின் அரசியலை வெள்ளையர் மேலாதிக்க உணர்வோடு இணைத்துப் பேசினார். சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஓர் ஆய்வாளர் அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால், வரி வரப்போகிறது என்று எல்லோரும் அஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில், பேரம் பேச வேண்டியவரே அங்கு இல்லாமல் போனார். ஏப்ரலில் சிறப்புத் தூதர் ஒருவரை அறிவித்தார்கள். ஆனாலும், அந்த ஊரிலேயே இருந்து நாள்தோறும் அதிகாரிகளைச் சந்திக்கும் தூதருக்கு அது ஈடாகாது. நம் மேற்கு கேப் மாகாணத்து ஆரஞ்சுத் தோட்டக்காரர்களுக்கும் நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரின் கார் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வாஷிங்டனில் ஆள் தேவைப்பட்ட மாதங்களில் தூதரின் நாற்காலி காலியாகவே கிடந்தது.

2022 மார்ச்சில், உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா.வில் தீர்மானம் வந்தபோது, எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் பதவிசாக ஒதுங்கிக்கொண்ட அரசு இது. அதற்கு நாவடக்கம் தெரியாது என்று நம்ப நான் தயாராக இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்