ஹாஸ்டல் மாடியில் 12 பேரைச் சாகடிக்கப்போகும் என் மருமகனுக்கு

அன்புள்ள மாப்ள,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். பின்னால் யாரோ பக்கெட்டை இழுக்கிற சத்தம், நடுவில் நீ: "மாமா, பன்னெண்டு பேரு, ஒரே ராத்திரி, கடைசி ஆள் நிக்கிற வரைக்கும். கேரக்டர் எல்லாம் டைஸ் போட்டுத்தான். எப்படி நடத்துறது?" நீ கேட்பது டெத்மேட்ச்: ஆளுக்கு ஒரு கற்பனைக் கேரக்டரைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒருவர் மட்டும் மிஞ்சும் வரை டைஸ் போட்டு மோதுகிற ஆட்டம். போனில் சொன்னால் பாதியிலேயே கிளாஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன்னைப் போல வேறு யாராவது நடத்த நினைத்தால் அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே.

டைஸ் உருட்டி ஆளை உண்டாக்குவது பழைய வழக்கம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஆளுக்கு ஒரு கேரக்டராக மாறிக் கதைக்குள் விளையாடுகிற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை மூன்று சின்னப் புத்தகங்களாக வெளியிட்டபோதே அதுதான் முறை. மூன்று டைஸை ஆறு தடவை உருட்டு, விழுந்ததை விழுந்த வரிசையில் எழுது, அதுதான் நீ. 1977இல் வந்த டிராவலர் என்கிற விண்வெளி ஆட்டம் இன்னும் மோசம். அதில் உன் ஆளுக்கு முன்கதை உருட்டும்போது, நாலு வருஷ சர்வீஸ் ஒவ்வொன்றுக்கும் பிழைத்தானா என்று ஒரு உருட்டு உண்டு. தவறினால் ஆட்டம் தொடங்குமுன்பே செத்தான், புதுத் தாளை எடு. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஹாஸ்டல் பையன்களிடம் அதை முயற்சி செய்யாதே, அடிக்க வருவார்கள்.

நீயும் மூன்று டைஸே வை. ஒரே டைஸ் என்றால் 1 விழுவதும் 6 விழுவதும் சமம். மூன்றைச் சேர்த்தால் 216 விதமாக விழலாம், அதில் 104 விதம் 9க்கும் 12க்கும் நடுவிலேயே வந்து உட்காரும். பாதிப் பேர் நம்மைப் போல சுமாரான ஆட்கள். 18 விழ 216இல் ஒரே ஒரு வழி, 3 விழவும் அப்படியே. பன்னிரண்டு பேரில் ஒருவனுக்கு 16 விழுந்தால் அறையே அவனைத் திரும்பிப் பார்க்கும். ஆறு கணக்குப் போதும்: பலம், வேகம், புத்தி, வாய், அதிர்ஷ்டம், உயிர். எதையாவது செய்ய முயன்றால் இருபது பக்க டைஸ் போடட்டும். தன் எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் நடந்தது. பலம் 5 இருக்கிறவனுக்கு நாலில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

உயிருக்கு மட்டும் தனி ஏற்பாடு. ஆச்சி வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டை ஒன்றை எடு. ஒரு பக்கம் வழுவழுவென்று இருக்கும், மற்ற பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. விழுந்ததோடு ஒன்று கூட்டினால் ஒன்றிலிருந்து நாலுக்குள் உயிர். ஒரு அடிக்கு ஒரு உயிர் போகும். உருளுகிற சத்தமே வயிற்றைக் கலக்கும்.

இனி நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். உனக்கு வேலை முழுக்க முதல் டைஸ் விழுமுன்புதான். கேரக்டர் தற்செயலாக வருகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் எந்தப் பட்டியலிலிருந்து வருகிறது? அந்தப் பட்டியலை எழுதியவன் நீ. வெளிநாட்டு ஆட்டங்களில் தொழில் அட்டவணை என்று ஒன்று இருக்கும். 2012இல் வந்த டஞ்சன் கிரால் கிளாசிக்ஸில் நூறு எண்களுக்கு ஒரு அட்டவணை: கொல்லன், நாவிதன், குழி வெட்டுகிறவன் என்று வரிசையாக. ஆளுக்கு இரண்டு முதல் நாலு கேரக்டர் வரை கொடுத்து, எல்லாரையும் ஒரு பாழுங்குகைக்குள் தள்ளி, பிழைத்து வருகிறவனை மட்டும் வைத்துக்கொள்வார்கள். நல்ல ஆட்டம்தான். நான் முதல் தடவை நடத்தியபோது அந்த அட்டவணையை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டு போனேன்.

ஐந்தாவது ஆள் உருட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் தனக்கு விழுந்த தொழிலை வாய்விட்டுப் படித்தான். அறையில் ஒரு விநாடி சத்தமில்லை, அப்புறம் மூலையிலிருந்து ஒரு சிரிப்பு. அங்கே வெறும் தொழிலாக இருக்கிற சொல் நம் ஊரில் ஜாதிப் பெயராகக் காதில் விழுகிறது. படித்தவனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. டைஸ் மேல் பழி போட முடியுமா? அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்தேன்.

இப்போது என் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் எதையாவது எழுதிப் பாஸ் பண்ணியோ, கடை போட்டோ, ஆர்டர் வாங்கியோ வேலைக்கு வந்தவர்கள். பஸ் கண்டக்டர், ஜெராக்ஸ் கடைக்காரர், கல்யாண வீடியோக்காரர், எல்ஐசி ஏஜென்ட், பி.டி. வாத்தியார், மீட்டர் ரீடிங் எடுக்கிறவர், தட்டச்சுப் பள்ளி நடத்தும் அம்மா. கூடவே பையில் ஒரு பொருள்: கண்டக்டருக்கு விசில், வீடியோக்காரருக்கு ஃபோகஸ் லைட், ஏஜென்டுக்கு முப்பது பக்க விண்ணப்பம். சிரிப்பும் வரும், யாருக்கும் முகம் சுருங்காது. உன் அறை நண்பர்களின் பெயர், உங்கள் காலேஜ் வாத்தியார்கள், சினிமா நடிகர்கள் யாரையும் பட்டியலில் ஏற்றாதே. பாதி ராத்திரிக்கு மேல் அது ஆட்டமாக இருக்காது.

இடத்தைச் சின்னதாக வை. நான் வைத்தது பூட்டிக் கிடக்கும் அரிசி மில். நெல் ஊறும் தொட்டி, பாய்லர் அறை, ஹல்லர் ஓடுகிற கூடம், தவிட்டு அறை, உமிக் குவியல், வெளியே காயப்போடுகிற களம். ஆறு இடம், பன்னிரண்டு பேர். ஏன் இவ்வளவு நெருக்கம் என்றால், உயிர் இரண்டு மூன்று இருக்கிறவன் எவனும் சண்டைக்குப் போக மாட்டான். புத்திசாலிகள் எல்லாரும் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மற்றவன் சாகட்டும் என்று காத்திருப்பார்கள். எனக்கு முதல் ஆட்டத்தில் ஒன்றரை மணி நேரம் அப்படியே போனது. இரண்டாவது ஆட்டத்தில் உமியில் தீ வைத்தேன். உமித் தீ எரியாது, புகையும், சத்தமில்லாமல் பரவும். சுற்றுக்கு ஒரு அறை புகையில் மூடிக்கொண்டது. எது மூடும் என்பதையும் ஆறு பக்க டைஸ்தான் சொல்லும், நீ தேர்ந்தெடுக்காதே.

அப்புறம் நேரம். ஒருவர் பின் ஒருவராக "நான் என்ன பண்றேன்னா" என்று ஆரம்பித்தால் ஆளுக்கு மூன்று நிமிஷம், பன்னிரண்டு பேருக்கு 36 நிமிஷம், ஏழு சுற்றுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். அதற்குள் வார்டன் வந்துவிடுவார். டிப்ளமசி என்று 1959இல் வந்த ஒரு போர் விளையாட்டில் இதற்கு அழகான வழி இருக்கிறது: எல்லாரும் தங்கள் உத்தரவை ரகசியமாக எழுதிக் கொடுக்க வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததாகக் கணக்கு. நீயும் துண்டுச்சீட்டு கொடு. இரண்டு நிமிஷம், ஒரு வரி, மடித்து டம்ளரில் போடு. இரண்டு பேர் ஒரே கதவுக்கு ஓடியிருப்பது சீட்டைப் பிரிக்கும்போதுதான் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூச்சலுக்காகவே நடத்தலாம்.

ரூம்மேட் எல்லாரும் கூட்டு சேர்ந்துகொள்வார்கள், அதைத் தடுக்கப் பார்க்காதே. ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்: "இவர் சாகும்போது நீ உயிரோடு இருந்தால் அதிர்ஷ்டம் இரண்டு கூடும்." தன் கூட்டாளியின் பேரையே எடுத்தவன் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே!

முதலில் சாகிறவனை மறந்துவிடாதே. தாயத்தில் காயை வெட்டினால் திரும்பவும் மனையில் உட்காரும், தாயம் போட்டு மறுபடி இறங்கலாம். இதில் வெட்டுப்பட்டால் போனதுதான். என் முதல் ஆட்டத்தில் இருபதாவது நிமிஷம் செத்தவன் கொஞ்ச நேரம் போனை நோண்டினான், அப்புறம் புரோட்டா சாப்பிட்டு வருகிறேன் என்று போனவன் வரவே இல்லை. தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் செத்தவர்கள் என் பக்கம் வந்து உட்காருவார்கள். சீட்டைப் பிரித்துப் படிப்பது அவர்கள், புகைக்கு டைஸ் போடுவது அவர்கள், மில்லில் இருக்கிற நாய்களும் தேனீக்களும் அவர்கள். தன்னைக் கொன்றவன் மேல் தேனீயாகப் பறப்பதில் ஒரு மனுஷனுக்குக் கிடைக்கிற சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அதே முதல் ஆட்டத்தில் நோட்டுப் புத்தகத்தை மறைப்பாக நிமிர்த்தி வைத்து, அதற்குப் பின்னால் நானே எல்லாருக்கும் டைஸ் போட்டேன். தட்டச்சு அம்மாவாக விளையாடிய பெண் அன்றைக்குத்தான் முதல் தடவை வந்திருந்தாள். அவளுக்கு 19 விழுந்தது, செத்திருக்க வேண்டும். "ஏழு, தப்பிச்சுட்டீங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டான். அவன் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் அவனுடைய ஆள் செத்தபோது மட்டும், "எனக்கும் ஒரு ஏழு போடக் கூடாதா?" என்று கேட்டான். அதற்குமேல் அன்றைக்கு விழுந்த ஒரு எண்ணையும் யாரும் நம்பவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் ரொம்பக் கோபம்.

அதனால் டைஸைத் தட்டில் போடு, நடுவில், எல்லார் கண்முன்னாலும். நீ தொடவே வேண்டாம். அடிக்கிறவனுக்கு எதிராளி உருட்டட்டும்.

இரண்டாவது ஆட்டத்தில் அந்தக் கண்டக்டர் வந்தார். பலம் 5, வேகம் 8, புத்தி 11, வாய் 9, அதிர்ஷ்டம் 16, உயிர் 2. உருட்டியவர் எங்கள் ஆபீஸ் அக்கவுண்டன்ட், அதிர்ந்து பேசாத மனிதர். தாளைப் பார்த்துவிட்டு, "நான் முதல்லயே இறங்கிக்கறேன், சில்லறை குடுங்க" என்றார். ஆறாவது சுற்றில் மூன்று பேர் மிச்சம், அவரும் அதில் ஒருவர். தொட்டி அறையில் கும்மிருட்டு. வீடியோக்காரரின் லைட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது. கண்டக்டரின் சீட்டைப் பிரித்தோம்: "தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு விசில்."

இரண்டு விசில் என்றால் வண்டி கிளம்பலாம் என்று அர்த்தம். மற்ற இருவரும் சத்தம் வந்த திசைக்குப் பாயப்போவதாக எழுதியிருந்தார்கள், நடுவில் தொட்டி. வீடியோக்காரருக்கு வேகம் 13, விழுந்தது 17. தண்ணீருக்குள் போனார், லைட்டோடு. பி.டி. வாத்தியாருக்கு வேகம் 15, விழுந்தது 4. தொட்டி விளிம்பைப் பிடித்துத் தாண்டி வந்து கண்டக்டரை ஒரு அடி அடித்தார். கண்டக்டருக்கு மிச்சம் ஒரே உயிர்.

அடுத்த சுற்றிலும் வாத்தியாரின் அடி பட்டது. தப்ப வேண்டுமென்றால் கண்டக்டருக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்க வேண்டும், 16க்குள் எது விழுந்தாலும் போதும். செத்த பத்துப் பேரும் எழுந்து நின்றுகொண்டு இருந்தார்கள். வாத்தியாராக விளையாடியவனே, "அண்ணே, நான் போட மாட்டேன், வேற யாராவது போடுங்க" என்றான். நானும் போடவில்லை. கடைசியில் அவன்தான் போட்டான். டைஸ் தட்டின் விளிம்பில் மோதித் திரும்பி வந்து 18 என்று நின்றது.

ஒரு நிமிஷம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். அக்கவுண்டன்ட் தன் தாளின் மேல் கோடு கிழித்தார், வாயால் ஒரே ஒரு விசில் அடித்தார். ஒரு விசில் என்றால் நிறுத்து. அறை முழுக்க நாலு நிமிஷம் சிரிப்பு.

பார்சலில் மூன்று சாதா டைஸ், இருபது பக்க டைஸ் ஒன்று, தாயக்கட்டை ஒன்று (ஜோடி என்னிடம் இருக்கிறது, தொலைத்தால் ஆச்சிக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்), என் தொழில் பட்டியல் எல்லாம் வைத்திருக்கிறேன். கண்டக்டரின் தாளும் அதே கவரில் இருக்கிறது. உன் ஆட்டத்தில் அவரைச் சேர்க்காதே, அவர் செத்துவிட்டார். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
மாமா

பி.கு.: அம்மா கேட்டால் டெத்மேட்ச் என்று சொல்லித் தொலைக்காதே. "தாயம் மாதிரி ஒன்னும்மா" என்று சொல்.