கூட்டத்தைப் பிரித்துச் சொல்லுங்கள்: கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு கொலுசுப் பட்டறைக்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் சுற்றறிக்கை கைப்பேசிக்கு வந்தது. ‘சென்ற முறை கிடைத்த மாபெரும் வரவேற்பைத் தொடர்ந்து’ என்று ஆரம்பித்து, வந்தவர்கள் எண்ணிக்கையை ஐந்து இலக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டு, ஸ்டால் வாடகையை ஏற்றியிருக்கிறீர்கள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். வாடகையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த ஐந்து இலக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மூன்று நாளும் ஓரத்து ஸ்டாலில் உட்கார்ந்திருந்தவன் நான். கூட்டம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வீட்டுக்காரம்மா ஒரு வேலை செய்தார். வியாபாரி என்று யாராவது வந்து டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்டால், கொலுசில் கோக்கும் முத்து ஒன்றை எடுத்துக் காலியான குங்குமச் சிமிழில் போடுவார். மூன்றாம் நாள் இரவு சிமிழைக் கவிழ்த்தோம். 17 முத்து. அதில் ஆறு பேர் இதே சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள். சிவதாபுரத்தில் இருக்கும் என் பட்டறைக்கு டீ குடிக்க வருகிற சாக்கில் வந்து போகிறவர்கள்.

வாடகை, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கூடுதல் விளக்குக்குத் தனி, கண்ணாடிப் பெட்டிக்குத் தனி, மூன்று நாள் பட்டறையை மூடியதற்கு ஆட்களின் கூலி என்று ஒன்றே கால் லட்சத்தைத் தாண்டியது. பதினேழால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஏழாயிரத்துச் சொச்சம். அந்தப் பணத்துக்கு ரயிலேறி விஜயவாடாவுக்கே பல தடவை போய் வந்திருக்கலாம்.

விஜயவாடா என்று சும்மா சொல்லவில்லை. அங்கிருந்து வந்த ஒரு வியாபாரி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, பற்றவைத்த இடங்களை லென்ஸில் பார்த்து, திருகாணியைத் திருகித் திருகிச் சோதித்துவிட்டு ஆர்டர் கொடுத்தார். இன்றைக்கும் சரக்கு போகிறது. ஆகவே உங்கள் கண்காட்சியால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒருவரை அழைத்து வந்ததற்கு நன்றி. அவரைப் போல எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும். ஒரு பாட்டி, கூட ஐந்து வயதுப் பேத்தி. நான் விஜயவாடாக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பாட்டி மேசை மேலிருந்த ஒரு சலங்கைக் கொலுசை எடுத்துக் குழந்தையின் காலில் மாட்டிவிட்டார். குழந்தை அங்கேயே இரண்டு குதி குதித்தது. “என்ன விலைங்க?” என்றார் பாட்டி. சில்லறை விற்பனை கூடாது என்பது நீங்கள் போட்ட விதி. மீறினால் ஸ்டாலை மூடுவோம் என்று அச்சடித்தே கொடுத்திருந்தீர்கள். “இங்கே ஒத்த ஜோடி விக்கக் கூடாதுங்க பாட்டி, மொத்த வியாபாரம் மட்டுந்தான்” என்றேன். “விக்க மாட்டேன்னா அப்புறம் எதுக்குக் கண்ணு கடை போட்டு உக்காந்திருக்கற?” என்றார். பதில் இல்லை. தரையில் உட்கார்ந்து, அழுகிற குழந்தையின் காலைப் பிடித்துத் திருகாணியைக் கழற்றினேன். முப்பது வருடமாகக் கொலுசு செய்கிறேன். ஒரு குழந்தையின் காலிலிருந்து கழற்றியது அன்றைக்குத்தான். இரவு பார்த்தால் பலர் கைபட்டுப் பாதிச் சரக்கின் மெருகு போயிருந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்து முடிக்க நள்ளிரவு.

அந்தப் பாட்டி உங்கள் கணக்கில் ஒன்று. பேத்தி இன்னொன்று. டீ குடிக்க வெளியே போய்த் திரும்பியிருந்தால் நான்கு. வாசலில் அட்டையைக் காட்டும் ஒவ்வொரு முறையும் கருவி ‘கீச்’ என்றதே, அதையெல்லாம் கூட்டித்தானே அந்த எண்? பேருந்தில் வந்து இறங்கிய கல்லூரிப் பிள்ளைகள், இலவசப் பைக்கு வரிசையில் நின்றவர்கள், ஸ்டால்காரர்களின் மாமன் மச்சான் எல்லாரும் அதில் உண்டா? கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வந்தவர்களையும் சேர்த்திருந்தால் ஆறு இலக்கமே வந்திருக்கும்.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. 1925இல் மிலானில் தொடங்கிய யூஃபி என்ற உலகக் கண்காட்சி அமைப்பு, தன் அங்கீகாரம் கேட்கும் கண்காட்சிகளின் எண்களை வெளியார் தணிக்கை செய்யவேண்டும் என்கிறது. ஒரே ஆள் மூன்று தரம் வந்தால் வருகை மூன்று, ஆள் ஒன்றுதான். டெல்லியில் ஆண்டுதோறும் நவம்பர் 14இல் தொடங்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் முதல் சில நாட்கள் வியாபாரிகளுக்கு, பிறகுதான் பொதுமக்களுக்கு. நமக்கு உலக அங்கீகாரம் வேண்டாம், ஒரு நாள் பிரித்துக் கொடுத்தால் போதும். திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்தி முடிக்கவே இரண்டு மணி நேரமானது. அதுவரை வெளியூர் வியாபாரிகளை வாசலில் நிறுத்தி வைத்திருந்தீர்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலி போட ஆள் இல்லை. வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு, ஆர்டர் குறைந்து, கொலுசு செய்யத் தெரிந்த பையன்கள் உணவு டெலிவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சிவதாபுரத்தில் ஊதுகுழல் சத்தம் கேட்காத தெருவே வந்துவிட்டது. இதை மேடையில் யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன். ‘உலகத் தரம்’ என்ற சொல்லை மட்டும் ஒன்பது தடவை எண்ணினேன்.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன்.

கூட்டம் குறைவு என்று நான் குறை சொல்லவில்லை. கூட்டிச் சொன்னதைத்தான் சொல்கிறேன். வியாபாரிகள் இருநூறு பேர்தான் என்றாலும் அப்படியே எழுதுங்கள், அந்த இருநூறுக்கு என்ன வாடகை தகும் என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம். முன்பணம் கேட்பதற்கு முன்னால் வியாபாரிகள் எத்தனை பேர், எந்தெந்த ஊர், பொதுமக்கள் எத்தனை பேர், திரும்பத் திரும்ப வந்தவர்களைக் கழித்தால் எத்தனை பேர் என்று பிரித்து ஒரு பக்கத்தில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிவு அட்டையில் தொழிலையும் ஊரையும் எழுதச் சொல்லி வாங்கினீர்கள். விவரம் உங்களிடம்தான் இருக்கிறது.

காசோலை எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

இப்படிக்கு,
சென்ற முறை ஓரத்து ஸ்டால்காரன்,
சிவதாபுரம், சேலம்.