நவூருவில் எத்தனை பேர்? பொது அறிவுக் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

போட்டித் தேர்வுக் கையேடுகளைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்கும், வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். போன மாதம் ஒரு மாணவி மூன்று கையேடுகளை மேஜையில் விரித்து வைத்தாள். உலகின் மிகச்சிறிய தீவு நாடு நவூரு, பரப்பு 21 சதுர கிலோமீட்டர். இதுவரை மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மக்கள்தொகை மட்டும் ஒன்றில் 14,019, இன்னொன்றில் 10,084, மூன்றாவதில் 12,780. “சார், எதை எழுதட்டும்?” என்று கேட்டாள். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு போட்டியில் 10,084 என்று சொல்லி மதிப்பெண்ணை இழந்து வந்திருந்தாள். நடத்தியவர்கள் கையில் இருந்த விடை 14,019.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் தேடிப் பார்த்தபோது மூன்று எண்ணுக்குமே மூலம் இருந்தது. அந்த எண் எந்த ஆண்டுக்குரியது, யார் சொன்னது என்பதைத்தான் மூன்று கையேடுகளும் விட்டுவிட்டன.

10,084 என்பது 2011 கணக்கெடுப்பில் கிடைத்தது. வீடு வீடாகப் போய் எண்ணியது. அந்தப் பெண் சொன்ன விடைதான் மூன்றில் உறுதியானது.

14,019 அமெரிக்க உளவு நிறுவனம் வெளியிட்டு வந்த உலகத் தகவல் ஏட்டின் 2009ஆம் ஆண்டு மதிப்பீடு. அதே ஏடு அடுத்த ஆண்டு 9,267 என்று போட்டது. ஒரே வருஷத்தில் ஐயாயிரம் பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை, காகிதத்தில்தான் குறைந்தார்கள். பாஸ்பேட் சுரங்க வேலைக்கு வந்திருந்த கிரிபட்டி, துவாலு தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகத் தீவை விட்டுக் கிளம்பியது 2006இல். 2002 கணக்கெடுப்பிலேயே தீவில் சுமார் பத்தாயிரம் பேர்தான். அந்த நிலையில் கணக்கு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் சட்டென்று இறங்கியது. இறங்குவதற்கு முந்தைய எண்ணைப் பிடித்துக்கொண்டு நம் கையேடுகள் இன்னும் மறுபதிப்பு வருகின்றன.

12,780 ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு 2022இல் வெளியிட்ட பதிப்பில் 2023ஆம் ஆண்டுக்குச் சொன்ன மதிப்பீடு. நவூருவின் 2021 கணக்கெடுப்பிலோ 11,680 பேர். ஐ.நா. தன் 2024 பதிப்பில் எண்ணைத் திருத்தி, 2024க்கு 11,947 என்று கொண்டுவந்தது. இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாணவருக்கு ஓராண்டில் எண்ணூறு பேர் குறைந்துவிட்டதாகத் தோன்றும். மக்கள் குறையவில்லை, கணக்குத்தான் திருந்தியது. ஆகவே இருவேறு பதிப்பு எண்களை எடுத்து ‘வளர்ச்சி விகிதம்’ போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்ட கையேட்டையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே இந்த மதிப்பீட்டை எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். போன கணக்கெடுப்பின் எண்ணை எடு, பிறந்தவர்களைக் கூட்டு, இறந்தவர்களைக் கழி, வந்தவர்களைக் கூட்டு, போனவர்களைக் கழி. அவ்வளவுதான் சூத்திரம். பிறப்பும் இறப்பும் பதிவேட்டில் இருக்கும். சிறிய தீவில் கணக்கு உதைப்பது கடைசி இரண்டில்தான். நவூருவுக்கு ஒரே விமான நிலையம். எல்லோரும் அந்த ஒரு வாசல் வழியே போகிறார்கள் என்பது வசதிதான். ஆனால் ‘இரண்டு மாதத்தில் திரும்புவேன்’ என்று சொல்லி ஆஸ்திரேலியா போனவர் அங்கேயே தங்கிவிட்டால், அவரை எப்போது கழிப்பது? தமிழ்நாட்டுக் கணக்கில் நூறு பேர் பிசகினால் யாருக்கும் தெரியாது. நவூருவில் நூறு பேர் என்றால் ஏறக்குறைய ஒரு சதவீதம். ஒரு விமானம் நிறைய ஆட்கள் ஏறி இறங்கினாலே நாட்டின் மக்கள்தொகை கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடும்.

அப்புறம், யாரை எண்ணுவது என்ற கேள்வி. அன்றிரவு தீவில் படுத்தவர்களையா, வழக்கமாக அங்கே வாழ்பவர்களையா? 2014இல் ஆஸ்திரேலியா அனுப்பிவைத்த புகலிடம் கோரியவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நவூரு முகாமில் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்தால் ஒரு எண், விட்டால் வேறொரு எண். இன்னொரு பசிபிக் தீவான நியுவேயில் இது தலைகீழ். தீவில் வசிப்பவர்கள் இரண்டாயிரத்தைத் தொடவில்லை, ஆனால் 2018 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் மட்டும் 30,867 பேர் தங்களை நியுவே வம்சத்தவர் என்று பதிவு செய்தார்கள். ‘நியுவே மக்கள் எத்தனை?’ என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டால் எந்த விடை சரி?

ஒரு சின்ன எண்ணுக்கா இவ்வளவு என்று உங்களுக்குத் தோன்றலாம். நவூருக்காரர்களுக்கு அது சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. 1920இல் வந்த இன்ஃபுளுவென்சாவில் அந்த மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1,500 பேராவது இருந்தால்தான் இனம் நிலைக்கும் என்று அப்போதைய நிர்வாகம் கணித்தது. தீவே காத்திருந்தது. 1932 அக்டோபர் 26 அன்று அந்த 1,500ஐ எட்டவைத்த பெண் குழந்தை பிறந்தது. அந்த நாளை இன்றும் தேசிய விழாவாகக் கொண்டாடுகிறார்கள். பெயர் அங்கம் நாள். நம் அங்கத்தோடு உறவில்லாத சொல். வீடு வந்து சேர்தல் என்று பொருள். பிறகு போர் வந்தது. 1943இல் ஜப்பானியர் 1,200 பேரை, பசிபிக்கில் தங்கள் வசமிருந்த துருக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரி 31 அன்று உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். 1968இல் விடுதலைக்கு அதே ஜனவரி 31ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தங்கள் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பிழைத்த ஒரு மக்களுக்கு, இல்லாத நாலாயிரம் பேரை நாம் போகிற போக்கில் சேர்த்து எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. தமிழ்நாடு என்று வரும்போது ‘7,21,47,030 (2011 கணக்கெடுப்பு)’ என்று நீங்களே அழகாக எழுதுகிறீர்கள். அதே அடைப்புக்குறியை நவூருவுக்கும் கொடுங்கள். எண்ணியதா, மதிப்பிட்டதா என்று ஒரு சொல், ஆண்டு, வெளியிட்டவர் பெயர். ‘11,680 (2021 கணக்கெடுப்பு)’ என்றால் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். சிறிய பசிபிக் நாடுகளுக்குப் புள்ளிவிவரம் வேண்டுமானால், நியூ கலிடோனியாவின் நூமியா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பசிபிக் சமூகம் என்ற அமைப்பு அந்தந்த நாட்டு அலுவலகங்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. முதலில் அங்கே பாருங்கள். வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கேள்வியிலேயே ஆண்டைக் குறிப்பிடுங்கள். முடியாவிட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

நூலகத்தின் மூன்று கையேடுகளிலும் அந்தந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும் மூலத்தையும் அந்த மாணவி பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். உங்கள் அடுத்த பதிப்பு வந்ததும் அதே பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவோம்.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் ஆசிரியர்